உங்களுக்குத் தெரியுமா? கார்னபி தெருவின் முன்கதை

லண்டனின் கார்னபி தெரு 1960களில் ‘மாட்’ எனப்பட்ட நவநாகரிக இளைஞர்களுக்கும், தி ஹூ, ஸ்மால் ஃபேசஸ் முதலான இசைக்குழுவினருக்கும் ஆடையலங்காரத்தின் தலைவாசலாக விளங்கியதை அறிந்தவர் பலர். ஆனால் அந்தப் பிரசித்திக்கெல்லாம் வித்திட்டது, அருகிலுள்ள நியூபர்க் தெருவில் புகைப்படக் கலைஞர் பில் கிரீன் 1954இல் திறந்த, தன்பாலீர்ப்புடைய ஆடவர் விரும்பி நாடிய ‘வின்ஸ்’ என்னும் சிறு கடையே என்பதை அறிந்தவர் வெகு சிலர். சாம்பலும் கறுப்புமே ஆண்மைக்கு லட்சணம் என்று கருதப்பட்ட அக்காலத்தில், இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும் இறுக்கமான கால்சட்டைகளும், கண்ணைப் பறிக்கும் வர்ணச் சட்டைகளும் அங்கே பகிரங்கமாகத் தொங்கின.

அங்கு விற்பனையாளராக இருந்த கிளாஸ்கோ வாலிபர் ஜான் ஸ்டீபனும் தன்பாலீர்ப்பாளரே. அவர் பின்னர் கார்னபி தெருவில் பத்துக்கு மேற்பட்ட கடைகளை நிறுவி, பாப் இசையை உரக்க ஒலிக்கவிட்டு, அவ்வுடைகளை இளைஞர் அனைவருக்கும் உரியவையாக்கினார். ஒரு தலைமுறையையே அழகுபடுத்திய அம்மனிதர்கள், தங்கள் காதல் வெளிப்பட்டால் சிறைவாசம் நேருமே என்ற அச்சத்தோடு வாழ்ந்தார்கள் என்பதை நினைக்க நெஞ்சம் கனக்கிறது. இங்கிலாந்தில் ஆடவரின் தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டம் தளர்ந்தது 1967இல்தான். அதுவும் 21 வயது நிரம்பியோருக்கு, தனியிடத்தில் மட்டுமே.