குறையாத எண்ணிக்கை

ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில் ஒரு கலாசாலையின் நூல்நிலையம் என் பொறுப்பில் விடப்பட்டது. நூல்நிலையம் என்பது பெரிய பெயர். கண்ணாடிக் கதவிட்ட மூன்று அலுமாரிகள், ஒரு மேசை, ஒரு பதிவேடு, அவ்வளவே. திறவுகோல் என் மடியில் இருந்தது. ஆண்டிறுதியிற் பரிசோதகர் ஒருவர் வந்தார். பதிவேட்டில் 412 நூல்கள், அலுமாரிகளிலும் 412. ஒன்றுதானும் குறையவில்லை. நன்கு பேணப்படும் நூல்நிலையம் என்று குறிப்பெழுதி, என்னையும் பாராட்டிச் சென்றார். அன்று நான் கொண்ட பெருமிதத்துக்கு எல்லையில்லை.

அப்பெருமிதம் நெடுநாள் நிலைக்கவில்லை. சில நாள் கழித்து மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து சேனாவரையத்தை இரவல் கேட்டான். “தம்பி, அது பெறுமதியான புத்தகம். துலைஞ்சால் ஆர் பொறுப்பு?” என்றேன். “ஓம் ஐயா” என்று தலைகுனிந்து போனான். பின்னர் அவன் கேட்கவில்லை. அவ்வாண்டே படிப்பையும் விட்டுவிட்டான். அதற்குக் காரணம் பல இருக்கலாம். அவற்றுள் என் அலுமாரியும் ஒன்றோ என்னும் ஐயம் இன்றும் என்னை விட்டகன்றபாடில்லை. அவன் போனபின் அந்நூலை எடுத்துப் பார்த்தேன். இரவல் குறிக்கும் தாளில் ஓரெழுத்தும் இல்லை. 412 குறையாதிருந்தது என் காவற்றிறத்தாலன்று, படிப்பார் இன்மையால்.

அப்படியாயின் ஒரு கல்லூரி நூல்நிலையத்தின் தரத்தை எதனைக்கொண்டு அளப்பது? இவ்வினாவோடு நெடுங்காலம் போராடியவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரியினர். அவர்கள் நடந்த வழியை நாமும் அறிதல் நன்று.

1901 இல் இலினோய் மாநிலத்து ஜோலியெற் நகரிலே, உயர்தரப் பாடசாலையொன்றின் சார்பாக ஈராண்டு மேற்படிப்புத் தொடங்கப்பெற்றது. இவ்வாறு தோன்றிய கனிட்ட கல்லூரிகளே நாளடைவிற் சமுதாயக் கல்லூரிகளாக வளர்ந்தன. கடுந்தேர்வு வைத்து மாணாக்கரைக் கழித்துவிடுதல் இவற்றின் வழக்கமன்று. பகலில் உழைத்து மாலையிற் படிப்போர், பிள்ளை பெற்றபின் படிக்க வந்த தாய்மார், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர் எனப் பலரும் அங்கே கூடுவர். அவருட் பலருக்கு வீட்டிலே நூல்கள் இல்லை. அவர்களுக்குக் கல்லூரி நூல்நிலையமே உள்ள ஒரே நூல்நிலையம்.

1960 இல் அமெரிக்க நூல்நிலையச் சங்கத்தின் கல்லூரிப் பிரிவினர் இத்தகைய கல்லூரிகளுக்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். ஆயிரம் மாணாக்கர்வரை உள்ள கல்லூரியில் 20,000 நூல்களேனும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இதனை இகழ்தல் தகாது. நெல் இல்லாத களஞ்சியத்திற் பங்கீடு பேசி என்ன பயன்? பணம் கொடுக்க மறுக்கும் நிருவாகத்தின்முன் நூலகர் எடுத்துக்காட்ட ஓர் எண் வேண்டியதே. ஆயினும் களஞ்சியம் நிறைந்திருப்பது வேறு. ஊரார் பசி ஆறுவது வேறு.

இவ்வேறுபாட்டை முன்னரே கண்டவர் லமார் ஜோன்சன் என்பவர். மிசூரி மாநிலத்து ஸ்ரீபன்ஸ் கல்லூரியில், 1930களில், நூலகர் பதவியையும் கற்பித்தலை மேற்பார்க்கும் பதவியையும் அவர் ஒருவரே ஏற்றிருந்தார். வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் நூல்களைக் கொண்டுபோய் வைத்தார். தம் அனுபவத்தை 1939 இல் நூலாகவும் வெளியிட்டார். நூல்நிலையம் கற்பித்தலுக்குப் புறத்தே நிற்கும் கட்டடமன்று, கற்பித்தலின் ஓர் உறுப்பே என்பது அவர் கண்ட உண்மை. 1972 இல் வெளிவந்த புதிய நெறிமுறைகள், நூலோடு ஒலிப்பதிவு, படச்சுருள் முதலியவற்றையும் ஒருங்கே கொண்டு, கற்றல் வளம் என்னும் விரிந்த பெயரால் வழங்கின. 2011 இல் எல்லாக் கல்லூரிகட்கும் பொதுவாக வகுக்கப்பெற்ற நியமங்களோ, நிலையத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிலும், அதனால் மாணாக்கர் என்ன செய்ய வல்லராயினர் என்பதையே முதன்மையாக வினவுகின்றன. இருப்பிலிருந்து பயனுக்கு வந்து சேர ஐம்பது ஆண்டுகள் சென்றன.

நம் அயலிலிருந்த அறிஞர் ஒருவர் இதனை முன்னரே சொல்லிவைத்தார். சென்னையிற் கணித ஆசிரியராயிருந்து, 1924 இற் பல்கலைக்கழக நூலகரான அரங்கநாதன், 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பதனை முதலாவதாக வைத்தார். யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் அமைந்தபோது ஆலோசனை கூறியவரும் இவரே. அந்நிலையம் 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். அவ்வெண்ணைச் சொன்னால் இழப்பைச் சொன்னதாகுமா? அங்கிருந்து படித்துத் தேர்வெழுதியவரையும், நாளை வருவோம் என்று ஒரு நூலை இடையிலே நிறுத்திச் சென்றவரையும் கேட்டாலன்றோ அது விளங்கும்!

ஆதலின் நம் கல்லூரி நூல்நிலையங்களை மதிப்பிடப் புகுவோர் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். ஓராண்டில் ஒருமுறையேனும் வாராத மாணாக்கர் எத்துணைப்பேர்? வந்திருப்போரை விடுத்து, வாராதாரைத் தேடிச்சென்று காரணம் கேட்டோமா? மாணாக்கர் ஓய்வாயிருக்கும் நேரத்திற் கதவு திறந்திருக்கிறதா? கேட்டும் கொடுக்கப்படாத நூல்கள் எவை? மாணாக்கன் எழுதிய கட்டுரை ஒரு நூலை அப்படியே பெயர்த்ததா, இரண்டு மூன்றை ஒப்பிட்டு ஆராய்ந்ததா? இறுதி வினா ஆசிரியராகிய நமக்கு. குறிப்பைச் சொல்லி எழுதுவித்து, அதனையே தேர்வில் திருப்பிக் கேட்கும் நம்மிடம் படிப்பவனுக்கு நூல்நிலையம் எதற்கு?

இவ்வினாக்களுக்கு விடை காண்டல் எளிதன்று. மாணாக்கன் அறிவில் நூல் தந்த பங்கு இவ்வளவு, ஆசிரியர் தந்த பங்கு இவ்வளவு என்று பிரித்து நிறுத்தல் இயலாது. ஆயினும் எண்ணுதற்கு எளியது என்பதனால் பயனற்றதை எண்ணிக்கொண்டிருத்தல் அறிவுடைமையாகாது.

இப்பொழுது எங்கள் கலாசாலையில் அலுமாரிகளுக்குப் பூட்டில்லை. மேசைமேல் ஒரு கொப்பி இருக்கிறது. கேட்டும் நாம் கொடுக்க இயலாமற்போன நூல்களின் பெயர்களை அதில் எழுதிவைக்கிறோம். அடுத்த கொள்முதலுக்கு அதுவே வழிகாட்டி. சென்ற ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏழு நூல்கள் குறைந்தன. வருத்தந்தான், அவற்றைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆயினும் அந்தப் பழைய பாராட்டை இனி ஒருபோதும் விரும்பேன்.