மருந்துச் செடிகளை இழைய வளர்ப்பினாற் பெருக்குதல்

சர்ப்பகந்தா என்பது நமது நாட்டுக் காடுகளின் நிழலில் வளரும் சிறு செடி. சிங்களத்தில் இதனை ஏகவேரிய என்பர். இதன் வேரே மருந்தாகும். 1952 ஆம் ஆண்டில் இவ்வேரிலிருந்து இறெசர்ப்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது; அது உயர் குருதியமுக்கத்துக்கு மருந்தாகப் பயன்பட்டமையால் வேரை நாடுவோர் பெருகினர். வேரைத் தோண்டினாற் செடி அழிந்துவிடும். விதையோ குறைவாகவே முளைக்கும். இத்தகைய செடிகளைக் காட்டிற் கிண்டாது தோட்டத்தில் வளர்ப்பதற்கு இழைய வளர்ப்பு துணைபுரிகின்றது.

இழைய வளர்ப்பு என்பது யாது?

மரவள்ளித் தடியை வெட்டி நட்டுப் புதுப்பயிர் பெறுவதைக் கமக்காரர் நன்கறிவர். இழைய வளர்ப்பும் அதனை ஒத்ததே. நோயற்ற தாய்ச்செடியிலிருந்து கணுவுடன் கூடிய சிறு துண்டொன்றை வெட்டி, கிருமி நீக்கி, கண்ணாடிப் போத்தலினுள் வைப்பர். போத்தலில் தாதுவுப்புக்கள், சீனி, உயிர்ச்சத்துக்கள் ஆகியன கலந்த கூழ் இருக்கும். சீனியிற் பங்கசு விரைவிற் பெருகுமாதலால், கூழும் போத்தலும் 121 பாகை செல்சியசு வெப்பநிலையில் நீராவியமுக்கத்தாற் கிருமியழிக்கப்படும். ஆகவே இவ்வேலை ஆய்வுகூடத்துக்கே உரியது.

ஓமோன்களின் தொழில்

வளர்ச்சி ஓமோன் பசளையன்று. பசளை பயிருக்கு உணவு. ஓமோனோ எவ்வுறுப்பு வளரவேண்டுமென்று உணர்த்தும் பொருள். சைற்றோகைனின் மிகுந்தால் தளிர்கள் தோன்றும். ஒட்சின் மிகுந்தால் வேர்கள் தோன்றும். இவ்வுண்மையை ஸ்கூக், மில்லர் என்னும் அறிஞர்கள் 1957 இல் புகையிலை இழையத்திற் காட்டினர். ஆகவே ஒரு கூழிலே தளிர்களைப் பெருக்கி, பின்னர் வேறொரு கூழிலே அவற்றை வேர்விடச் செய்வர். ஒரு லீற்றர் கூழுக்குச் சில மில்லிகிராம் ஓமோனே போதும். மிகுந்தாற் செடிகள் உருக்கெடும். கடைகளில் விற்கப்படும் வேர்விடு தூளும் ஒட்சின் வகையினதே. தண்டின் அடியில் அதனை மெல்லிதாகத் தொட்டு நடுக. கூடுதலாகப் பூசினால் வேர்விடுதல் தடைப்படும்.

போத்தலிலிருந்து தோட்டத்துக்கு

பெரும்பாலான இழப்பு இப்பருவத்திலேயே நேர்கின்றது. போத்தலின் ஈரக்காற்றில் வளர்ந்த கன்றின் இலையில் மெழுகுப்படை மிக மெல்லியது. இலைவாய்களும் நன்கு மூடா. வெளியில் வைத்த சில மணி நேரத்திலேயே அது வாடிவிடும். எனவே பின்வருமாறு பழக்குக:

1. வேரில் ஒட்டிய கூழை இளஞ்சூடான நீரில் முற்றாகக் கழுவுக. எஞ்சிய சீனி பங்கசை வரவழைக்கும்.

2. கிருமி நீக்கிய மணலும் தும்புச்சோறும் கலந்த ஊடகத்தில் நட்டு, நிழலில் வைத்துப் பொலித்தீனால் மூடுக.

3. ஒரு வாரத்தின் பின் நாள்தோறும் சிறிது நேரம் மூடியைத் திறந்து, அந்நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுக. மூன்று, நான்கு வாரங்களில் முற்றாக அகற்றலாம்.

4. புதிய இலை தோன்றும்வரை பசளை இடவேண்டாம். ஊடகம் ஈரமாயிருக்க வேண்டும், நீர் தேங்கலாகாது.

எச்செடிக்கு வேண்டும்?

வல்லாரை ஓடுதண்டினாலும், நீர்ப்பிரமி தண்டுத் துண்டினாலும், வசம்பு கிழங்கினாலும் எளிதிற் பெருகும். வயலோரத்து ஈரநிலத்தில் வளரக்கூடிய இவற்றுக்கு ஆய்வுகூடக் கன்றை விலைகொடுத்து வாங்குவது வீண்செலவாகும். விதையாலும் தண்டாலும் எளிதிற் பெருகாத செடிகளுக்கும், சிறந்த ஒரு தாய்ச்செடியை விரைவிற் பெருக்குவதற்குமே இம்முறை ஏற்றது.

கன்றுகள் தாயையே ஒத்திருக்கும். தாயில் மருந்துச்சத்துக் குறைவாயின் கன்றுகள் யாவும் அத்தகையனவே. சர்ப்பகந்தா வேரை அறுவடை செய்ய ஒன்றரை ஆண்டுக்கு மேற் காத்திருக்கவேண்டுமாதலால், பிழையைப் பிந்தி உணர்வதிற் பயனில்லை. ஆகவே கன்று வாங்குமுன் தாய்ச்செடி எத்தகையது, கன்றுகள் வெளிக்காற்றுக்குப் பழக்கப்பட்டனவா, வேரை வாங்குவோர் உளரா என்னும் மூன்றையும் கேட்டறிக. முதலிற் சில கன்றுகளை மட்டும் நட்டுப் பார்த்து, ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கலந்துகொள்க.