இலை வாடினால் முதலில் மண்ணைப் பாருங்கள்

பிரிட்டனில் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர்களுக்கு மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை ஒரே கவலை: நேற்று நன்றாக இருந்த செடிக்கு இன்று என்ன வந்தது? தக்காளி இலை சுருள்கிறது. ஒரே இரவில் லெட்டூஸ் நாற்று காணாமல் போகிறது. தொட்டியில் இருக்கும் ப்ரிமுலா, தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடிக்கொண்டே போகிறது. பதறிப்போய்க் கடைக்கு ஓடுகிறோம்.

கடையில் பழையபடி மருந்துகள் இல்லை. நத்தைகளைக் கொல்லப் பல வீடுகளிலும் தூவப்பட்ட மெட்டால்டிஹைட் நீலக் குருணைகளுக்கு 2022 ஏப்ரல் முதல் கிரேட் பிரிட்டனில் தடை. முள்ளெலி, பறவை, வளர்ப்பு நாய் எல்லாவற்றுக்கும் அது விஷம். உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்கு வீட்டுத் தோட்டக்காரர் வாங்கித் தெளிக்கக்கூடிய மருந்தே இன்று இல்லை. பலரும் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருந்து கையில் இருந்தவரை நோய் என்னவென்று யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. அந்தத் தோட்டங்களில் நடப்பதைக் கவனித்தால், பூச்சியின் தலையில் விழும் பழியில் பெரும்பகுதி குளிருக்கும் தண்ணீருக்கும் உரியது என்பது தெரிகிறது. உண்மையிலேயே பூச்சிதான் காரணம் என்னும்போதும், என்ன மருந்து என்பதைவிட எந்த மாதம் என்பதே முக்கியம்.

குளிரிலிருந்து தொடங்குவோம். ஏப்ரலில் நான்கு நாள் வெயிலடித்ததும் தக்காளி, மிளகாய், பூசணி நாற்றுகளை வெளியே நட்டுவிடும் ஆசை வரும். இங்கிலாந்தின் தென்பகுதியிலேயே மே பிற்பகுதி வரை இரவுப் பனி விழக்கூடும். வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் ஜூன் தொடக்கம் வரை நம்ப முடியாது. குளிர்ந்த மண்ணில் தக்காளி வேரால் பாஸ்பரஸை இழுக்க முடியாது. அதனால் இலையின் அடிப்புறம் ஊதா நிறமாகிறது. நோய் என்று நினைத்து உரம் போடுவது வீண். மண் சூடானதும் தானே தெளிந்துவிடும். லண்டனில் செல்சி மலர்க்காட்சி நடக்கும் மே கடைசி வாரங்களை அனுபவசாலிகள் ஒரு கணக்காக வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகும் நாற்றை நேராகக் கொண்டுபோய் நடுவதில்லை. பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பத்து நாள் போலப் பழக்கிவிட்டே நடுகிறார்கள்.

அடுத்தது தண்ணீர். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்துத் தட்டையாகிறதே, அது கிருமியால் வருவதில்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மண்ணில் சுண்ணாம்பு இருக்கும். அதைச் சுமந்துபோகத் தண்ணீர் தொடர்ந்து கிடைத்திருக்காது. குரோபேக் எனப்படும் பிளாஸ்டிக் பைகளில் வளர்ப்பவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது, ஏனென்றால் அந்தப் பையில் மண் கொஞ்சம்; காலையில் ஈரம், மாலையில் வறட்சி. நாள் தவறாமல் அளவாக ஊற்றினால் அடுத்து வரும் காய்கள் நன்றாக இருக்கும். பழைய இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் அது மெக்னீசியக் குறை. பொட்டாஷ் மிகுந்த தக்காளி உரத்தை அளவுக்கு மீறி ஊற்றும்போது இது வரும்.

கருகல் நோய் வேறு. இதற்கு அஞ்சத்தான் வேண்டும். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழித்து, சுமார் பத்து லட்சம் பேரின் சாவுக்கும் அதே அளவு மக்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதற்கும் காரணமான அதே ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் இன்றும் பிரிட்டிஷ் கொல்லைகளுக்கு ஆண்டுதோறும் வருகிறது. தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டையும் பிடிக்கும். இலையில் பழுப்புத் திட்டு, தண்டில் கரும்பழுப்புப் பட்டை, ஈரமான காலையில் இலையின் அடியில் மெல்லிய வெண்பூஞ்சை. அதன் பிறகு சில நாட்களிலேயே முழுப் பாத்தியும் கருகிவிடும்.

இது எப்போது வரும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல், அந்த இரு நாளிலும் குறைந்தது ஆறு மணி நேரம் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் பரவும் சூழல் அமைந்துவிட்டது என்று பொருள். ஸ்காட்லாந்தின் டண்டீ அருகே உள்ள ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனத்தின் ஆய்விலிருந்து வந்ததால் இதற்கு ஹட்டன் அளவுகோல் என்று பெயர். 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு 1950-கள் முதல் வழக்கில் இருந்த ஸ்மித் அளவுகோல் பதினொரு மணி நேர ஈரத்தைக் கேட்டது. அந்தக் கணக்கு எச்சரிப்பதற்கு முன்பே வயலில் நோய் தெரியத் தொடங்கியிருந்தது.

தெளிக்க மருந்து இல்லாதபோது என்ன செய்வது? முதல் வழி, நோய் வருவதற்கு முன்பே அறுவடையை முடித்துவிடுவது. 'ஃபர்ஸ்ட் எர்லி' எனப்படும் முன்பருவ உருளைக்கிழங்கை மார்ச் இறுதியில் நட்டால் ஜூன், ஜூலையில் தோண்டிவிடலாம். கருகலின் உச்சம் பெரும்பாலும் அதற்குப் பிறகே. பின்பருவக் கிழங்குதான் வேண்டும் என்றால் நோயைத் தாங்கும் சார்போ மிரா போன்ற ரகம். தக்காளியில் கிரிம்சன் க்ரஷ். கண்ணாடிக்குடிலில் வளரும் தக்காளிக்கு இலை நனையாது என்பதாலேயே பாதி ஆபத்து குறைகிறது. ஆகவே தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், இலைமேல் வேண்டாம். நோய் வந்தேவிட்டால் உருளைக்கிழங்கின் தண்டுகளைத் தரைமட்டத்தில் வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, இரண்டு வாரம் கிழங்கைத் தொடாமல் விட வேண்டும். தோல் முற்றும், மண்மேல் விழுந்த வித்துகளும் செத்துப்போகும். அவசரப்பட்டு அன்றே தோண்டினால் சேமித்த கிழங்கெல்லாம் அழுகும். ஒரு கிழங்கைக்கூட மண்ணில் விட்டுவைக்கக் கூடாது. அடுத்த ஆண்டு நோய் கிளம்புவது அதிலிருந்துதான்.

ஓடில்லா நத்தை

பிரிட்டிஷ் தோட்டக்காரரின் பரம எதிரி யார் என்று கேட்டால் பதில் உடனே வரும்: ஸ்லக், அதாவது ஓடில்லாத நத்தை. மழைநாட்டில் அதற்கு என்ன குறை? ஆனால் பிரிட்டனில் இருக்கும் சுமார் 44 வகைகளில் நம் நாற்றை மேய்பவை சிலவே. மற்றவை மக்கிய இலையையும் பாசியையும் தின்று மண்ணுக்கு உரம் சேர்க்கின்றன. உடம்பெங்கும் புள்ளிகளோடு பெரிதாக ஊரும் சிறுத்தை நத்தையைப் பார்த்ததும் மிதிக்கத் தோன்றும்; மிதிக்காதீர்கள், அது மற்ற நத்தைகளையும் தின்னும். 1804-இல் தொடங்கப்பட்ட ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி, நத்தைகளை இனிப் 'பெஸ்ட்' (pest), அதாவது தீங்குயிர், என்று வகைப்படுத்துவதில்லை என்று 2022-இல் அறிவித்தது. பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

அதே சங்கம் நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனை இன்னும் முக்கியமானது. முட்டை ஓடு, செம்பு நாடா, கரடுமுரடான மணல், பைன் பட்டை, கம்பளிக் குருணை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் தடுப்புகளை லெட்டூஸைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். தடுப்பு போட்ட செடிக்கும் போடாத செடிக்கும் சேதத்தில் வேறுபாடு இல்லை.

பலன் தருவது நூற்புழு. ஃபாஸ்மராப்டைட்டிஸ் என்ற பெயருள்ள, கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர் நத்தையின் உடலுக்குள் புகுந்து அதைக் கொல்கிறது. பொட்டலமாக வாங்கி, தண்ணீரில் கலந்து, பூவாளியால் ஊற்ற வேண்டியதுதான். மண்ணின் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். மண் ஈரமாகவும் இருக்க வேண்டும். ஒருமுறை ஊற்றினால் ஆறு வாரம் போல வேலை செய்யும். அது முடியாதவர்களுக்கு இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கையால் பொறுக்குவது இருக்கிறது. நாற்றைச் சட்டியிலேயே சற்றுப் பெரிதாக்கி நட்டால் ஒரே இரவில் காலியாகாது. நீர் பாய்ச்சுவதை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும், ஏனென்றால் நத்தை நடமாடுவது இரவில்.

வாடும் தொட்டிச்செடி

தண்ணீர் ஊற்றியும் வாடும் அந்த ப்ரிமுலாவுக்கு வருவோம். செடியை மெல்லப் பிடித்துத் தூக்குங்கள். வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டால், மண்ணைக் கொட்டிக் கிளறுங்கள். பாலாடை நிறத்தில், பழுப்புத் தலையோடு, காலில்லாமல் வளைந்து கிடக்கும் புழுக்கள் இருந்தால் அவை வைன் வீவில் என்னும் கூன்வண்டின் குஞ்சுகள். தாய் வண்டு மங்கிய கறுப்பு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, பறக்காது, இரவில் ஏறிவந்து இலையின் ஓரத்தைக் கடித்துப் பல்பல்லாக வைத்துவிட்டுப் போகும். கண்ணில் படுபவை அத்தனையும் பெண் வண்டுகள். ஆண் துணையில்லாமலே முட்டையிடுவதால், ஒன்றே ஒன்று வந்தாலும் ஒரு தொட்டிக் கூட்டத்துக்குப் போதும்.

கோடையில் இலை ஓரத்துக் கடியைப் பார்த்தவர்கள் ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் இதற்கென்றே விற்கும் நூற்புழுவைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். அப்போது குஞ்சுகள் சிறியவை, மண்ணும் சூடாக இருக்கும். வேர் போன பிறகு வசந்தத்தில் ஊற்றினால் அந்தச் செடி பிழைக்காது. ஸ்ட்ராபெரி, சைக்ளமென், ஹியூக்கரா, பெகோனியா தொட்டிகளை முதலில் கவனியுங்கள்.

அசுவினிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பிராட் பீன்ஸில் கருப்பு அசுவினி மொய்த்தால், அடிக்காய் பிடித்ததும் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். அவை தேடிவருவது கொழுந்தைத்தான். ரோஜாவில் இருந்தால் விரலால் வழித்துவிட்டுச் சில வாரம் பொறுங்கள். பொறிவண்டின் குஞ்சுகளும் புளூ டிட் குருவிகளும் வந்துசேரும். முதலில் அசுவினி வந்தால்தான் அவை வரும். ரோஜா இலைக் கரும்புள்ளிக்கு உதிர்ந்த இலையைப் பொறுக்குவதே முதல் வேலை. நிலக்கரிப் புகை சூழ்ந்த பழைய பிரிட்டிஷ் நகரங்களில் இந்த நோய் அரிதாக இருந்தது. காற்றிலிருந்த கந்தக டைஆக்சைடு பூஞ்சையை அடக்கிவைத்திருந்தது. 1956-இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் புகை குறைய, நோய் பெருகியது. மனிதர்களின் நுரையீரலுக்காக ரோஜா கொடுத்த விலை என்று இதை ஏற்றுக்கொள்ளலாம்.

புல்தரையில் மஞ்சள் திட்டு விழுந்து, ஸ்டார்லிங் பறவைகள் குத்திக் கிளறினால் அடியில் லெதர்ஜாக்கெட் இருக்கும். நீண்ட கால்களையுடைய கிரேன் ஃப்ளை பூச்சியின் புழு அது. 1935-இல் லார்ட்ஸ் மைதானத்தின் புல்லையே தின்று தீர்த்தது. அந்தத் தரையில்தான் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்து மண்ணில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வீட்டுப் புல்தரைக்கு எளிய வழி உண்டு: திட்டை நன்றாக நனைத்து, இரவு முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வையுங்கள். காலையில் விரிப்பை எடுத்தால் புழுக்கள் மேலே வந்து கிடக்கும். மிச்சத்தைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.

பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. ஆனால் தக்காளியும் பீன்ஸும் ஃபெர்ன் இலைபோலச் சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கின்றன என்றால் எருவைச் சந்தேகியுங்கள். 2008-இல் பிரிட்டனில் அலாட்மென்ட் எனப்படும் வாடகைத் தோட்டங்களில் இப்படிப் பரவலாக நடந்தது. மேய்ச்சல் நிலத்தில் களைக்குத் தெளித்த அமினோபிராலிட் என்ற மருந்து புல்லோடு மாட்டின், குதிரையின் வயிற்றுக்குள் போய், சிதையாமல் சாணத்தில் வெளியே வந்து, எருவாகத் தோட்டத்தை அடைந்திருந்தது. விற்பனையை நிறுத்திவைத்து, பிறகு கூடுதல் கட்டுப்பாடுகளோடு திரும்ப அனுமதித்தார்கள். அதனால் இன்றும் எரு வாங்குவோர் சோதித்துப் பார்ப்பது நல்லது. சில சட்டிகளில் எருவைக் கலந்தும், சிலவற்றில் கலக்காமலும் பிராட் பீன்ஸ் விதையுங்கள். எரு கலந்த சட்டியில் மட்டும் இலை சுருண்டால் அந்த எருவைப் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் மண்ணை அடிக்கடி கிளறிவிட வேண்டும். மண்ணின் நுண்ணுயிர்கள்தாம் அந்த மருந்தைச் சிதைக்கும்.

லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் தோட்டம் போடும் நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. ஊர்ப்பழக்கத்தில் கை வேப்பெண்ணெய்க்கும் பூண்டுக் கரைசலுக்கும் போகும். பிரிட்டிஷ் சட்டப்படி, பூச்சியைக் கொல்லத் தெளிக்கும் எதுவும் அதற்கென்று அனுமதி பெற்ற பொருளாக இருக்க வேண்டும். வீட்டில் காய்ச்சிய கரைசலுக்கு அந்த அனுமதி கிடையாது. வீட்டுத் தோட்டப் பூச்சிமருந்தாக வேப்பெண்ணெய்க்கும் அங்கே அனுமதி இல்லை. வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியை அடித்து விரட்டுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. கொட்டகையில் பழைய நீலக் குருணைப் பெட்டியோ, பெயரே அழிந்துபோன மருந்துப் புட்டியோ இருந்தால் குப்பைத்தொட்டியிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். அபாயக் கழிவை எங்கே, என்று வாங்குகிறார்கள் என்று உங்கள் கவுன்சிலைக் கேட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.