ருசி மாறும்... மரம் மாறுமா?

ஜூஜுவாடி எல்லையில் ராகி, ரோஜா, மாங்காய் சொல்லும் சந்தைப் பாடம்

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், தமிழ்நாட்டுப் பக்கம் கடைசியாக வரும் ஊர் ஜூஜுவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கேட்கிற இடம் இது. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்துகளுக்கு நடுவே கொத்தமல்லி, பீன்ஸ், தக்காளி, ரோஜா ஏற்றிய வண்டிகள் எல்லையைத் தாண்டுகின்றன. பெங்களூருக்காரர் எதைக் கேட்கிறாரோ, அதுதான் இந்த வண்டிகளில் ஏறும். அவர் கேட்பது மாறினால், இந்தப் பக்கம் கழனியில் நிற்கும் பயிரின் விலையும் மாறிவிடும்.

2025-ம் ஆண்டு கோடை இதை நன்றாகவே காட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூழ் தயாரிக்கப் போகும் 'பெங்களூரா' மாங்காயின் விலை கிலோ 5 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. அதே கோடையில், ராகிக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். 2013-14-ல் இது 1,500 ரூபாயாக இருந்தது.

இரண்டும் ஒரே மாவட்டத்து விளைச்சல். ஒன்று ஏன் ஏறியது, இன்னொன்று ஏன் விழுந்தது? மழை, உரம், விதை மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. சாப்பிடுகிறவர் யார், அவருடைய பழக்கம் எப்படி மாறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

பக்கத்துத் தொழிற்சாலை செய்வது என்ன?

வாடிக்கையாளரின் விருப்பத்தைப் பின்தொடர்வது எப்படி என்பதற்கு ஓசூரிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. 1980-ல் டி.வி.எஸ். நிறுவனம் இங்கிருந்து 'டி.வி.எஸ். 50' மொபெட்டைக் கொண்டு வந்தது. சைக்கிளுக்கு மேல், மோட்டார் சைக்கிளுக்குக் கீழ் ஒரு வண்டி. இரண்டு பேர் ஏறிப் போக வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்று நினைத்த குடும்பங்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். பால் கேனும் காய்கறி மூட்டையும் கட்டிய மொபெட்டைப் பார்க்காத கிராமம் தமிழ்நாட்டில் இருக்காது. பெட்ரோல் செலவைக் குறைக்க மக்கள் மின்சார வண்டியைத் தேடத் தொடங்கியதும், 2020-ல் அதே நிறுவனம் 'ஐகியூப்' மின்சார ஸ்கூட்டரை விற்பனைக்கு இறக்கியது.

கைக்கடிகாரக் கதையும் அப்படித்தான். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டனைத் தொடங்கியபோது, சாவி கொடுக்கும் கடிகாரம்தான் பெரும்பாலோர் கையில் இருந்தது. டைட்டன் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கையில் எடுத்தது. நேரம் பார்க்க மட்டும் இல்லாமல், கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் பரிசாகக் கொடுக்கும் பொருளாகவும் அதை விற்றது. பிறகு நகை வியாபாரத்திலும் இறங்கியது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைக்கு, ஒரு பொருள் ஓடவில்லை என்றால் அச்சையும் எந்திரத்தையும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. விவசாயிக்கு அந்த வசதி, அவர் வைத்திருக்கும் பயிரைப் பொறுத்தது. ராகிக்கு 4 மாதம் போதும். பசுமைக்குடில் ரோஜாவுக்கு 5, 6 ஆண்டு. மாமரத்துக்கு 40 ஆண்டுக்கு மேல். இந்த ஆயுள் கணக்குதான், சந்தை மாறும்போது யாருக்கு அடி விழும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ராகி: களியிலிருந்து பிஸ்கட் வரை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகிக் களி ஒரு காலத்தில் தினப்படி சாப்பாடு. ரேஷன் அரிசி வந்த பிறகு, களி ஏழைச் சாப்பாடு என்று ஒதுங்கியது. வீட்டிலேயே சாப்பிடாத தானியத்தைக் கழனியில் போட யாருக்கு மனம் வரும்? ராகி போட்ட மானாவாரி நிலத்தில் வேறு பயிர்கள் ஏறின.

பிறகு காற்று திரும்பியது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்தது. மருத்துவர்கள் வெள்ளை அரிசியைக் குறைக்கச் சொன்னார்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதால், குழந்தைகளுக்கும் ராகிக் கஞ்சி பரிந்துரைக்கப்பட்டது. நகரத்துக் கடைகளில் ராகி மால்ட், ராகி சேமியா, ராகி பிஸ்கட் எல்லாம் வரிசை கட்டின. 2023-ம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக நுகர்பொருள் வாணிபக் கழகம் விவசாயிகளிடமே ராகியைக் கொள்முதல் செய்தது.

இந்த மாற்றத்துக்கு ராகி விவசாயியால் ஈடுகொடுக்க முடிந்தது. காரணம், பயிரின் வயது 105 முதல் 120 நாள்தான். விலை இருந்தால் அடுத்த ஆடியில் கூடுதலாக விதைக்கலாம், இல்லாவிட்டால் குறைத்துக்கொள்ளலாம். ஆனால், சாப்பிடுகிறவர் மாறியதால் தரமும் மாறியிருக்கிறது. களி கிண்டும் வீட்டில் தானியத்தைப் புடைத்துக் கல் பொறுக்கிக்கொள்வார்கள். பாக்கெட் மாவு வாங்கும் நகரத்துப் பெண் அதைச் செய்ய மாட்டார். ஒரு கல் பல்லில் கடிபட்டால் அந்தப் பாக்கெட்டை மறுபடி தொட மாட்டார். மண்தரையில் அடிக்காமல் களத்திலோ தார்ப்பாயிலோ அடித்து, கல், மண் நீக்கி, நன்றாகக் காயவைத்த ராகிக்கு வியாபாரி கூடுதல் விலை தருவது இதனால்தான்.

ரோஜா: தேதி குறித்துப் பூக்கும் செடி

ஓசூர், தளி, பாகலூர் பக்கத்துக் குளிர்ந்த தட்பவெப்பம் ரோஜாவுக்கு ஏற்றது. ஓசூரை அடுத்த அமுதகொண்டப்பள்ளியில் டிட்கோ பங்குடன் 'டான்ஃப்ளோரா' மலர்ப் பூங்கா 50 ஹெக்டேரில் அமைந்தது. சுற்றுவட்டார விவசாயிகளும் வங்கிக் கடன், தோட்டக்கலை மானியம் என்று பசுமைக்குடில்களைப் போட்டார்கள்.

இந்த ரோஜா யாருக்காக? பெரிய பங்கு, பிப்ரவரி 14 காதலர் தினத்துக்காக. சிவப்புப் பூ, நீளமான தண்டு, விரியாத மொட்டு என்று வெளிநாட்டில் கேட்டார்கள். அதற்கு 'தாஜ்மஹால்' ரகம் பொருந்தியது. செடியை வெட்டிவிட்டதிலிருந்து பூ அறுவடைக்கு வர ஏறத்தாழ 45 நாள். அதனால் டிசம்பரில் தேதி பார்த்துச் செடியை வெட்டுகிறார்கள். ஒரு வாரம் தவறினால், பூ 15-ம் தேதி பூக்கும். அன்று அதே பூவுக்கு அந்த விலை கிடையாது.

உள்ளூர் வாடிக்கையாளரின் தேவை வேறு. கல்யாண மேடை அலங்காரத்துக்குப் பல நிறப் பூ வேண்டும். தண்டு நீளம் அவ்வளவு முக்கியம் இல்லை. ஆனால், இந்தச் சந்தை முகூர்த்த நாளை நம்பியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கல்யாணங்கள் நின்றபோது, ஓசூர் விவசாயிகள் பூவை அறுத்துக் குப்பையில் கொட்டினார்கள். அறுக்காமல் விட்டால் செடி கெடும் என்பதால், விற்காத பூவுக்கும் அறுப்புக்கூலி கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது பல மண்டபங்களில் பிளாஸ்டிக் பூ மாட்டுகிறார்கள். ஒருமுறை வாங்கினால் நூறு கல்யாணத்துக்கு ஆகும் என்பது அலங்காரக்காரர் கணக்கு.

செடி 5, 6 ஆண்டு நிற்பதால், ரோஜா விவசாயிக்கு நடுத்தர அளவு இக்கட்டு. மறுநடவின்போது நிறத்தையும் ரகத்தையும் மாற்றலாம். ஆனால், வெளிநாட்டு நிறுவனங்கள் உருவாக்கும் புதிய ரகங்களுக்குச் செடிக்கு இவ்வளவு என்று உரிமைத்தொகை உண்டு; வங்கித் தவணையும் நிற்காது. குடில் முழுக்க ஒரே நிறம் வைத்தவரைவிட, இரண்டு, மூன்று நிறம் வைத்து வெளிநாடு, உள்ளூர் இரண்டுக்கும் விற்பவர் தாக்குப்பிடிக்கிறார்.

பெங்களூரா: பெயர் தெரியாமல் குடிக்கும் பழம்

அதிகச் சிக்கல் மாந்தோப்புக்காரருக்குத்தான். கிளிமூக்கு என்றும் தோத்தாபுரி என்றும் சொல்லப்படும் பெங்களூரா, வருஷா வருஷம் தவறாமல் காய்க்கும். தோல் தடிப்பு, லாரியில் போனாலும் நசுங்காது. சதை அதிகம் என்பதால் கூழுக்கு ஏற்றது. 1985-ல் அட்டைப் பெட்டியில் அடைத்த 'ஃப்ரூட்டி' வந்தது. பிறகு பாட்டில் மாம்பழ பானங்கள் பெட்டிக்கடை வரை வந்தன. கோடை வந்தால் மாம்பழ பானம் என்பது வீட்டுப் பழக்கமாயிற்று. அந்தப் பழக்கம்தான் கிருஷ்ணகிரியிலும் பக்கத்துச் சித்தூரிலும் கூழ்த் தொழிற்சாலைகளை வளர்த்தது. தோப்புகளைப் பெங்களூராவால் நிரப்பியது.

இதில் ஒரு பலவீனம் ஒளிந்திருந்தது. செந்தூராவையோ பங்கனப்பள்ளியையோ வாங்குகிறவர் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார். பானம் குடிக்கிறவர் பெங்களூரா என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார். பழ பானத்தில் குறைந்தபட்சம் 10 சதவிகிதம் பழச்சாறு இருந்தால் போதும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே தோப்புக்காரரின் உண்மையான வாடிக்கையாளர் தொழிற்சாலை மட்டுமே. அந்தத் தொழிற்சாலையோ பான நிறுவனங்களின் ஆர்டரை நம்பி இருக்கிறது.

கிருமி நீக்கிப் பையில் அடைத்த கூழ் ஓராண்டுக்கு மேல் கெடாது. விற்காத கூழ் கிடங்கில் இருந்தால், அடுத்த பருவத்தில் புதுக் காய்க்குக் கிராக்கி இருக்காது. 2025-ல் நடந்தது இதுதான். பழைய கூழ் தேங்கியிருந்தது. விளைச்சலும் நன்றாக இருந்தது. மழை முன்கூட்டியே வந்து கோடை சூடு தணிந்ததால், குளிர்பான விற்பனையும் சுணங்கியது. சர்க்கரைக்குப் பயந்து இனிப்பு பானத்தைக் குறைப்பவர்களும் நகரங்களில் கூடிவருகிறார்கள்.

ஆந்திர அரசு, கிலோவுக்குத் தொழிற்சாலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று 12 ரூபாய் நிர்ணயித்தது. வெளிமாநில பெங்களூரா உள்ளே வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக விவசாயிகளுக்காக, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் அடிப்படையில் விலை வித்தியாசத் தொகை கொடுக்க மத்திய அரசு ஒப்புக்கொண்டது. தமிழ்நாடு முதல்வரும் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2025 செப்டம்பர் 22 முதல், காற்றடைக்காத பழ பானங்களுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. இவை எல்லாம் அந்தந்த நேரத்துக் கைத்தாங்கல்கள். குடிக்கிறவரின் பழக்கம் மாறினால், 40 ஆண்டு நிற்கும் மரத்துக்கு இவை நிரந்தரத் தீர்வு ஆகாது.

தோப்பை என்ன செய்யலாம்?

ஆத்திரத்தில் மரத்தை வெட்டிச் சாய்ப்பது தீர்வு இல்லை. வேர் ஆழமாக இறங்கிய மரம் ஒரு சொத்து. அடிமரத்தை வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்ற முடியும். கிளைகளை வெட்டிவிட்டு, துளிர்க்கும் கிளைகளில் திடமான சிலவற்றை வைத்துக்கொண்டு, அவற்றில் வேறு ரகத்தின் ஒட்டுக்குச்சியைக் கட்டும் முறை இது. புதுக்கன்று நட்டுக் காத்திருப்பதைவிடச் சீக்கிரம் காய்ப்புக்கு வரும். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலும் ரகத்தேர்வு, ஒட்டுக்கட்டும் பருவம் குறித்து ஆலோசனை பெறலாம்.

தோப்பு முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு மரங்களில் தொடங்கினால், மிச்ச மரங்களின் வருமானம் வீட்டுச் செலவைத் தாங்கும். ரகத்திலும் கவனம் தேவை. அல்போன்சா ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் குறையும். மல்கோவா காய்ப்பே குறைவு. எல்லோரும் ஒரே ரகத்துக்குத் தாவினால், ஐந்து ஆண்டு கழித்து அந்த ரகமும் தெருவில் கொட்டப்படும்.

பழமாக விற்பவர் பழுக்கவைக்கும் முறையையும் மாற்ற வேண்டும். கார்பைடு கல் வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. நகரத்து வாடிக்கையாளர் இன்று முதலில் கேட்பதும் அதைத்தான். அனுமதிக்கப்பட்ட அளவில் எத்திலீன் வாயு மூலம் அறையில் பழுக்கவைக்கலாம். வைக்கோலில் பழுத்ததைப் பெயர் சொல்லி விற்கலாம்.

நடுவதற்கு முன் நான்கு கேள்விகள்

1. இதைக் கடைசியில் சாப்பிடுகிறவர் யார்? அவர் இதைப் பெயர் சொல்லிக் கேட்கிறாரா?

2. இதை வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரே தொழிற்சாலை, ஒரே மண்டி என்றால், விலை அவர் கையில்தான்.

3. பயிரின் ஆயுள் எவ்வளவு? சந்தை நடுவில் மாறினால், எத்தனை மாதத்தில் மாற்றிக்கொள்ள முடியும்?

4. விற்காவிட்டால் வேறு எதற்கு ஆகும்? ராகியைக் காயவைத்துச் சேமித்து வைக்கலாம். பூவையும் பழத்தையும் வைக்க முடியாது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட அதிகம் செலவாகாது. ஜூஜுவாடியிலிருந்து பெங்களூரு ஒரு மணி நேரப் பயணம்தான். ஹெப்பாள் மலர் ஏல மையம், கே.ஆர். மார்க்கெட் என்று எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சரக்கு ஏற்றிப் போகும் நாளில் விலை கேட்கவே நேரம் சரியாக இருக்கும். அதனால் பருவத்துக்கு ஒரு நாள், சரக்கு எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு போய் நின்று, வாங்குகிறவர் எதை எடுத்துப் பார்க்கிறார், எதைத் திருப்பி வைக்கிறார் என்று கவனித்து வரலாம். பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும்தான் செலவு. 40 ஆண்டு நிற்கப்போகும் மரத்தை நடுவதற்கு முன், அந்த ஒரு நாளை ஒதுக்குவது நல்லது.