கைப்பிடி வெல்லமும் சிவப்புக் குழாயும்

உலகத்தின் ஜனத்தொகை 2022-ம் வருஷம் நவம்பர் மாதம் 15-ந் தேதி 800 கோடியை எட்டிவிட்டதென்று ஐக்கிய நாடுகள் சபையார் கணக்கிட்டு அறிவித்தார்கள். 1927-ம் வருஷத்தை ஒட்டி அது 200 கோடிதான். 2024-ல் அவர்கள் வெளியிட்ட மதிப்பின்படி, இந்த நூற்றாண்டின் எண்பதுகளில் சுமார் 1,030 கோடி வரையில் ஏறி, அதற்குப் பிறகு மெள்ள இறங்கத் தொடங்குமாம். 1798-ல் மால்த்தூஸ் பாதிரியார் எச்சரிக்கை விடுத்த நாள் முதல், இவ்விஷயத்தில் பீதி கிளப்புகிறவர்களுக்குக் குறைவே இல்லை. அவர்கள் பேச்சைக் கேட்டால், ஏழை நாடுகளில் குழந்தை பிறப்பதே உலகத்துக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றும். அப்படிப்பட்டவர்களை ஒரு முறை வங்காள தேசத்துக்கு அழைத்துப் போனால் நலமாயிருக்கும்.

நமது தமிழ்நாட்டைக் காட்டிலும் சிறிதே பெரிய பூமி அது. 1971-ல் விடுதலை பெற்றபோது அங்கே சுமார் 7 கோடிப் பேர் இருந்தார்கள். இன்றோ சுமார் 17 கோடி! ஆயினும் அக்காலத்தில் ஒரு ஸ்திரீக்குச் சராசரி ஆறு குழந்தைகளுக்கு மேல் பிறந்தன. 2022-ம் வருஷத்துக் கணக்கிலே அந்தச் சராசரி 2.3. மத்லப் என்னும் ஆற்றங்கரைப் பிரதேசத்தில், டாக்கா நகரத்துக் காலரா ஆராய்ச்சி நிலையத்தார் 1977-ல் ஒரு பரீட்சை ஆரம்பித்தார்கள். ஏறக்குறையப் பாதிக் கிராமங்களுக்கு, அந்தந்த ஊர்ப் பெண்களையே ஊழியர்களாக நியமித்து, வீடு தேடிச் சென்று தாய்மார்களுடன் பேசிக் கர்ப்பத் தடைச் சாதனங்களைக் கொடுக்கச் செய்தார்கள். மற்றக் கிராமங்களை வழக்கம்போல் விட்டார்கள். முன்னவற்றில் பிறப்பு விரைவாகக் குறைந்தது. அந்தப் படிப்பினையைச் சர்க்காரும் எடுத்துக் கொண்டது.

பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால்லவா தாய் மனம் இரண்டோடு நிற்கச் சம்மதிக்கும்? வயிற்றுப் போக்கினால் குழந்தைகள் கூட்டங் கூட்டமாய் மடிந்த தேசம் அது. 1980 முதல் பத்து வருஷ காலத்தில் 'பிராக்' என்ற தர்ம ஸ்தாபனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளின் வாசற்படி ஏறினார்கள். அவர்கள் கற்பித்த மருந்து இதுதான்: மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் ஜலம். இதிலே ஒரு வேடிக்கை. ஊழியருக்குச் சம்பளம், அவர் எத்தனை வீடு ஏறினார் என்பதைப் பொறுத்ததன்று. பின்னால் பரிசோதகர் வந்து கேட்கும்போது தாய்மார்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள், கலந்து காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது! நம்முடைய பள்ளிக்கூடங்களிலும் இந்த முறையைக் கையாண்டு பார்த்தால் என்னவோ?

குளத்து ஜலத்தால்தானே இந்த வியாதி என்று, அதே காலத்தில் லட்சக் கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் இமயத்திலிருந்து ஆறுகள் யுகயுகமாய்க் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் பாஷாணம் இருந்தது. நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை, காய்ச்சினாலும் போகாது. 1993-ல்தான் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்துக் கறுத்தவர்கள் பலர். புற்றுநோய் பல ஆண்டு கழித்தே தலை காட்டும். மூன்றரைக் கோடிப் பேராவது ஆபத்துக்கு உட்பட்டிருக்கலாம் என்றும், சரித்திரத்தில் இவ்வளவு பெரிய ஜனசமூகம் விஷத்துக்கு ஆளானதில்லை என்றும் 2000-ல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் நிபுணர்கள் எழுதினார்கள். கெட்ட குழாய்க்குச் சிவப்பு, நல்ல குழாய்க்குப் பச்சை வர்ணம் பூசப்பட்டது. தன் வீட்டு முற்றத்துக் குழாய் சிவப்பாகவும், பேச்சு வார்த்தை அற்றுப்போன பங்காளி வீட்டுக் குழாய் பச்சையாகவும் இருந்தால், குடத்தை இடுப்பில் வைத்த மருமகள் எங்கே போவாள்?

பிறப்பு குறைந்தும் ஜனத்தொகை இன்னும் ஏறத்தான் போகிறது. முன்பு பிறந்த ஏராளமான குழந்தைகள் இப்போது பெற்றோராகும் வயதில் இருக்கிறார்கள். 2050-ல் 20 கோடியைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். கிராமத்தில் பிழைக்க வழியற்றவர்கள் டாக்காவில் வந்து நெருங்குகிறார்கள். 2023-ல் டெங்குக் காய்ச்சல் அத்தேசத்தில் 1,700 பேருக்கு மேல் பலி கொண்டது.

தெற்கே குல்னா ஜில்லாவின் டாகோப் பகுதியில் நிலைமை வேறு. சமுத்திரம் உயர்வதும், இறால் வளர்ப்பதற்காக உப்பு ஜலத்தை உள்ளே விடுவதும் சேர்ந்து குளமும் கிணறும் உவர்த்துவிட்டன. 1975 முதல் நமது பரக்கா அணை வேனிற் காலத்தில் கங்கைப் பிரவாகத்தைத் திருப்பியதும் ஒரு காரணம் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. அங்கே கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம், மழையற்ற மாதங்களில் அதிகமாகக் காண்கிறதென்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். சமுத்திரத்தை உயரச் செய்யும் புகையிலோ அந்த ஸ்திரீகளுக்குப் பங்கு சொற்பம். வருஷத்துக்குத் தலைக்கு ஒரு டன்னுக்கும் குறைவான கரிவாயுவை வெளியிடுகிறது வங்காள தேசம். அமெரிக்காவில் தலைக்குச் சுமார் 14 டன்! ஆடி, ஆவணியில் கூரையிலிருந்து வழியும் மழையைத் தொட்டியிலும் மண்ஜாடியிலும் பிடித்து மூடி வைக்கிறார்கள் டாகோப் பெண்கள். அது தீர்ந்த பிறகு, பங்குனி வெயிலில் நல்ல ஜலத்துக்காக மைல் கணக்கில் நடக்கிறார்கள்.