கட்டமைப்பின் பெயரும் இயல்பும்

ஒரு பொருளின் இயல்பு வேறு. அப்பொருளைக் குறித்துப் பிறர்க்கு உரைக்கப்படும் பெயர் வேறு. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒத்தே நிற்பன. ஆயினும், அவற்றை வேண்டுமென்றே வேறுபடுத்தவேண்டிய தேவை கணினியியலிற் சிலவிடத்து எழுகின்றது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலே, சேவைகளுக்கு முறைவழியாக்கியின் கட்டமைப்பு அறிவிக்கப்படும் வகையினையும், அவ்வறிவிப்பினை மாற்றும் வகையினையும் ஈண்டு நோக்குவாம்.

இன்ரெல் நிறுவனம் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட 80386 முறைவழியாக்கி 32 பிற்றுக் கட்டமைப்புடையது. அதனை 64 பிற்றுகளுக்கு விரித்து, ஏ.எம்.டி. நிறுவனம் 2003ஆம் ஆண்டில் ஒப்ரெறன் முறைவழியாக்கியை வெளியிட்டது. புதியது பழையதைப் புறந்தள்ளவில்லை. 32 பிற்று நிரல்களும் அதன்கண் இயங்கின. இவ்வாறு இரு தலைமுறைகள் ஒரு கூரையின்கீழ் வாழலாயின.

இதனால் விளைந்த இடர் யாது? நிரலொன்று தான் இயங்கும் பொறியின் வகையை அறிய விரும்பின், 'யூநேம்' என்னும் அழைப்பினால் முறைமையின் கருவை வினவும். வினவுவது 32 பிற்று நிரலேயாயினும், 64 பிற்றுக் கரு 'எக்ஸ்86-64' என்றே விடையிறுக்கும். விடை மெய்யே, பயனோ தீதாகலாம். 32 பிற்று நூலகங்கள் மட்டுமே உள்ள சூழலிலே மென்பொருள் தொகுக்கும் சேவை, அவ்விடையை நம்பி 64 பிற்று நிரலை ஆக்க முற்படின், வேண்டும் நூலகங்களைக் காணாது இடைவழியில் நின்றுவிடும்.

இதற்குப் பரிகாரமாக அமைந்ததே 'பேர்சனாலிற்றி' என்னும் முறைமை அழைப்பு. அதன்வழி 32 பிற்று ஆளுமையை ஏற்ற செயன்முறைக்குக் கரு 'ஐ686' என்று விடை கூறும். அதன் வழித்தோன்றும் செயன்முறைகளும் அவ்வாளுமையை மரபுரிமையாகப் பெறும். கையால் ஏவும் நிரலுக்கு 'செற்ஆர்ச்' என்னும் கட்டளை உதவும். 2010ஆம் ஆண்டில் அறிமுகமான சிஸ்ரம்டி சேவைகளை ஆளும் முறைமைகளில், சேவைக் கோப்பின் சேவைப் பகுதியிலே ஆளுமையைக் குறிக்கும் ஒரு வரியை எழுதி, அதற்கு 'எக்ஸ்86' எனப் பெறுமதி இடல்வேண்டும். பின்னர்க் கோப்புகளை மீள வாசிப்பித்து, அச்சேவையை மீளத் தொடங்குதல் வேண்டும். ஏனைய சேவைகள் மாற்றமின்றி நிற்கும்.

எனினும், மாறுவது அறிவிப்பேயன்றி இயல்பன்று. 32 பிற்று ஆளுமை பூண்ட சேவையும் 64 பிற்று நிரலை இயக்கவல்லது. முறைவழியாக்கியையே நேரில் வினவும் நிரலுக்கு உண்மை புலப்படும். ஆகலின், இதனைப் பாதுகாப்பு அரணாகக் கொள்ளுதல் தவறு. அரண் வேண்டுவோர், எக்கட்டமைப்புக்குரிய முறைமை அழைப்புகளை ஏற்பது என வரையறுக்கும் வேறொரு வரியையும், ஆளுமையைப் பின்னர் மாற்றவொட்டாது பூட்டும் மற்றொரு வரியையும் சேர்த்தல் தகும்.

பழையன கழிந்துவரும் இக்காலத்தும் இவ்வறிவு பயனற்றதன்று. 2025 ஓகத்தில் வெளிவந்த டெபியன் 13, 32 பிற்று எக்ஸ்86 பொறிகளுக்குரிய கருவையும் நிறுவியையும் கைவிட்டது. அவ்வகை நிரற்றொகுதிகளை மட்டும், 64 பிற்றுப் பொறிகளில் இயங்குதற்பொருட்டுத் தொடர்ந்து வழங்கியது. எனவே, பழைய நிரல்கள் இனிப் புதிய மனையில் விருந்தினராகவே வாழும். அவற்றுக்கு ஏற்ற விடையை அளித்துப் பேணுதலும், அவ்விடையின் எல்லையை மறவாதிருத்தலும் முறைமையை ஆள்வோர் கடனாகும்.