சுகமான நாய்க்கும் இதய ஸ்கானா?

கரம்பொன்னில் ஒரு பின்னேரம். மீளக் குடியேறிய ஒரு குடும்பத்தின் வளவில், வேம்பு நிழலில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய படம் ஒன்றை வீட்டுப் பெரியவர் எமக்குக் காட்டினார். மேசையில் நாயொன்று சரிந்து படுத்திருக்கிறது. வைத்தியர் ஒருவர் அதன் நெஞ்சில் ஒரு கருவியை வைத்திருக்கிறார். நாய்க்கு வருத்தம் எதுவும் இல்லையாம். சுகமான நாய்களின் இதயத்தை அளக்கவேண்டும் என்று கேட்டார்களாம், மகனும் கொண்டுபோனாராம்.

பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு சொன்னார்: "சுவாமி, எங்கட சனம் ஒரு ஸ்கான் எடுக்கிறதெண்டால் ஒருநாள் கூலியை விட்டிட்டு யாழ்ப்பாணம் ஓடவேணும். அங்கை பாத்தால் சுகமாயிருக்கிற நாய்க்கு ஸ்கான்!"

அந்தச் சொல்லில் இருந்த வேதனை நியாயமானது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு, ஆடு மாடுகளையும் வாசலில் நின்ற நாயையும் விட்டுவந்த நினைவு இன்னும் ஆறவில்லை. ஆயினும் அவருடைய கேள்விக்குப் பதில் உண்டு. அது எமது வளவுகளுக்கும் பயன்படும் பதில்.

ஒலியால் பார்த்தல்

கடலின் ஆழம் பார்க்கும் கருவி எமது மீனவர்களுக்குப் பழக்கமானது. அது கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். ஒலி அடியில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு ஆழம் கணிக்கப்படும். இதய ஸ்கானின் அடிப்படையும் இதுவே. 1953 இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும், உலோகத்தில் வெடிப்புத் தேடுவதற்கான கருவியொன்றைக் கொண்டு மனித இதயத்தின் அசைவைப் பதிவுசெய்தார்கள். பின்னர் அதே முறை விலங்குகளுக்கும் வந்தது.

எமது காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். நாய்க்கு அதன் இரு மடங்குக்கும் மேல் கேட்கும். ஸ்கானில் பயன்படும் கழியொலியோ விநாடிக்குப் பல மில்லியன் அதிர்வுகள் கொண்டது, நாய்க்கும் கேட்காது. நோவும் இல்லை, எக்ஸ்றே போன்ற கதிர்வீச்சும் இல்லை. இடையில் காற்று நின்றால் ஒலி உள்ளே போகாது. ஆகவே நெஞ்சின் மயிரை மழித்துக் களி பூசுகிறார்கள். நாயைப் பக்கவாட்டில் கிடத்தி, மேசையில் உள்ள துவாரத்தின் வழியே கீழிருந்து கருவியை வைக்கிறார்கள். மயக்கமருந்து இதயத்தின் வேலையை மாற்றிவிடும் என்பதால் பெரும்பாலும் அதைக் கொடுப்பதில்லை. வளர்ப்பவர் தலைமாட்டில் நின்று தடவிக்கொடுத்தாலே போதும்.

எதை அளக்கிறார்கள்?

உடலுக்கு இரத்தத்தைத் தள்ளுவது இடது இதயவறை. அது நிரம்பியிருக்கும்போது 40 மில்லிமீற்றர் அகலம், சுருங்கும்போது 28 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 12, அதாவது நூற்றுக்கு 30. சுகமான நாய்களில் இது பொதுவாக 25 முதல் 45 வரை இருக்கும். அடுத்து, இடது சோணையறையின் அகலத்தைப் பெருநாடியின் அகலத்தோடு ஒப்பிடுகிறார்கள். அது 1.6 மடங்கை எட்டினால் அறை பெருத்துவிட்டது என்று கருதுகிறார்கள். வால்வு ஒழுகுகிறதா என்பதையும் இரத்த ஓட்டத்தைக் கொண்டு காணலாம்.

சுகமானதை ஏன் அளக்கவேண்டும்?

இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எல்லைக்கல் இருந்த இடம் தெரிந்தால்தான் வேலி எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்லலாம். இதயத்துக்கும் அப்படியே. சுகமான இதயத்தின் அளவு தெரியாமல், இது பெருத்துவிட்டது, இது தளர்ந்துவிட்டது என்று எவரும் சொல்லமுடியாது.

நாயில் இது இலகுவல்ல. இரண்டு கிலோ நாயும் உண்டு, அறுபது கிலோ நாயும் உண்டு. 2004 இல் வெளியான ஓர் ஆய்வு, 494 சுகமான நாய்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தது. எடை இரு மடங்கானால் இடது இதயவறையின் அகலம் இரு மடங்காவதில்லை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே கூடுகிறது. இனமும் கணக்கில் உண்டு. ஓட்டத்துக்கென வளர்க்கப்பட்ட கிறேஹவுண்ட் நாயின் இதயம் உடலுக்குப் பெரியது. மற்ற நாய்களின் அளவை அதற்குப் போட்டால் சுகமானதை நோயாளி என்றுவிடுவோம். தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களையும் எமது ஊர் நாய்களையும் அளக்கும்போது இந்த எச்சரிக்கை வேண்டும்.

இதன் பலன் 2016 இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. வால்வு ஒழுகி இதயம் பெருத்திருந்தும், வெளியே களைப்போ மூச்சுத்திணறலோ காட்டாத 360 நாய்கள் அதில் சேர்க்கப்பட்டன. பிமோபென்டான் என்ற மருந்து பெற்றவற்றில் இதயச் செயலிழப்பு ஏறத்தாழ 15 மாதங்கள் பிந்தியே வந்தது. பெருத்த இதயத்தை இனங்காண உதவியவை, சுகமான நாய்கள் தந்த அளவுகளே.

கருவி இல்லாத வீட்டில்

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் கரம்பொன்னிலிருந்து நெடுந்தூரம். ஆனால் எல்லைக்கல்லை வீட்டிலேயே நாட்டலாம்.

நாய் நன்றாக உறங்கும்போது நெஞ்சு உயர்ந்து தாழ்வதை ஒன்றாக எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்கு 30 க்குக் குறைவாக இருக்கவேண்டும். சுகமாக இருக்கும் காலத்திலேயே சில நாட்கள் எண்ணிக் கொப்பியில் எழுதிவையுங்கள். பின்னங்காலின் உட்தொடையில் விரல் வைத்தால் நாடி தெரியும். வளர்ந்த நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 140 வரை. சிறிய நாய்க்கு இன்னும் கூடலாம். மூச்சை உள்ளெடுக்கும்போது நாடி விரைவதும் வெளிவிடும்போது மெதுவாவதும் சுகமான நாய்க்கு இயல்பு. அதைக் கண்டு பயப்படவேண்டாம்.

உறக்கத்தில் மூச்சு 30 ஐத் தாண்டிக் கூடிக்கொண்டு போனாலோ, ஓயாத இருமல், மயங்கி விழுதல், வயிறு வீங்குதல் கண்டாலோ மிருக வைத்தியரிடம் கொப்பியோடு போங்கள். மனிதருக்கு வாங்கிய இதயக் குளிசையைக் கொடுக்கவேண்டாம்.

எமது சனத்துக்கு ஸ்கான் கிட்டத்தில் கிடைக்கவேண்டும் என்ற பெரியவரின் கோரிக்கை அப்படியே நிற்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். நாயின் இதயத்தை அளப்பவர்கள் அதற்கு எதிரிகளல்லர்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பெரியவர் பேத்தியைக் கூப்பிட்டார். வாசற்படியில் நாய் உறங்கிக்கொண்டிருந்தது. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிள்ளை எண்ணியது. பதினெட்டு. பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதிக்கொண்டார்கள்.